ஆய்வகத்திலிருந்து பயோடெக் தலைமைக்கு: நரம்பியல் ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் நரம்பியலில் பிஎச்டி முடிக்கப் போகிறவர், போஸ்ட்டாக்கில் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணியில்) இருப்பவர், ஏற்கெனவே சொந்த ஆய்வகம் நடத்துபவர் ஆகிய மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். பயோடெக்கில், அதாவது புதிய மருந்துகளை உருவாக்கும் கம்பெனிகளில், வேலை வாங்குவது எப்படி என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வேலை கிடைத்தபின் தலைமைப் பொறுப்புக்கு எப்படிப் போவது, அதற்கு இன்றே எதைத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. உதாரணங்கள் பெரும்பாலும் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தவை. இந்தத் தொழில் அங்கேதான் குவிந்து கிடக்கிறது.

முதலில் ஒரு மருந்தின் கதை. 1990-களில் எலி லில்லி கம்பெனி ஸனோமெலின் என்ற மருந்தை அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தது. மாயத்தோற்றம், வீண் சந்தேகம், கொந்தளிப்பு போன்ற மனநோய் அறிகுறிகள் கண்கூடாகக் குறைந்தன. ஆனால் குமட்டல், வாந்தி, வியர்வை என்று பக்கவிளைவுகள் படுத்தியதில் நிறையப் பேர் பாதியிலேயே விலகினார்கள். மூளையில் அந்த மருந்து தூண்டும் மஸ்காரினிக் ஏற்பிகள் (வேதித்தூதைப் பிடிக்கும் செல் புரதங்கள்) குடலிலும் உண்டு, அதுதான் வினை. மருந்து அலமாரிக்குப் போய்விட்டது. பல வருடம் கழித்து பாஸ்டனில் கருணா தெரப்யூட்டிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி அதைத் தூசி தட்டி எடுத்து, டிராஸ்பியம் என்ற பழைய சிறுநீர்ப்பை மருந்தோடு சேர்த்தது. டிராஸ்பியம் அதே ஏற்பிகளை அடைக்கும். ஆனால் மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. ஆகவே உடம்பில் தொல்லை குறைந்தது, மூளையில் வேலை நடந்தது. 2023 டிசம்பரில் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் அந்தக் கம்பெனியை 1,400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2024 செப்டம்பர் 26 அன்று ஸ்கிட்ஸோஃப்ரினியாவுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது.

இந்தப் பயணத்தின் முக்கியமான ஆண்டுகளில், 2018-லிருந்து, கம்பெனியின் சிஇஓவாக இருந்தவர் ஸ்டீவன் பால். அமெரிக்க தேசிய மனநல ஆய்வுக் கழகத்தின் அறிவியல் இயக்குநராக இருந்து, பிறகு லில்லிக்கே போய் அதன் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தியவர். ஸனோமெலின் என்ன செய்யும் என்பது ஆய்வுக் கட்டுரைகளில் இருபது வருடமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை மறுபடி கையிலெடுத்து, பணம் திரட்டி, எந்த நோய்க்கு, எந்த டோஸில், எத்தனை நோயாளிகளிடம் சோதிப்பது என்று யாரோ முடிவெடுக்க வேண்டியிருந்தது. பயோடெக் தலைமை என்பது அந்த முடிவுதான். அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு, காசு தீர்வதற்குள், மற்றவர்களின் வேலைக்கும் சேர்த்துப் பொறுப்பேற்று எடுக்கிற முடிவு. பல்கலைக்கழகம் நமக்குக் கற்றுத்தராத ஒரே பாடம் அது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்கான பயிற்சிதான்.

எந்த வாசல் வழியாகப் போவது

இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, பிஎச்டி அல்லது போஸ்ட்டாக் முடித்ததும் சயன்டிஸ்ட்டாகச் சேர்ந்து படிப்படியாக ஏறுவது: சீனியர் சயன்டிஸ்ட், பிரின்சிபல் சயன்டிஸ்ட், அசோசியேட் டைரக்டர், டைரக்டர், சீனியர் டைரக்டர், வைஸ் பிரசிடென்ட். பட்டப்பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். நன்றாகப் போனால் வைஸ் பிரசிடென்ட் ஆகப் பத்துப் பதினைந்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரையன் வாட்ஸ் போன வழி இது. ஸ்டான்ஃபோர்டில் பிஎச்டி முடித்து ஜெனென்டெக்கில் சேர்ந்தார், அங்கே நரம்பியல் பிரிவை நடத்தினார், 2015-ல் டெனாலி தெரப்யூட்டிக்ஸ் 21.7 கோடி டாலர் முதலீட்டோடு தொடங்கியபோது அதன் சிஇஓ ஆனார்.

இன்னொன்று, பேராசிரியராகப் பெயர் வாங்கியபின் நேராக மேல்மாடிக்குப் போவது. நரம்புச் செல்கள் வேதித்தூதுகளை எப்படி வெளியிடுகின்றன என்பதைப் பிரித்துக் காட்டிய ரிச்சர்ட் ஷெல்லர், 2001-ல் ஸ்டான்ஃபோர்டை விட்டு ஜெனென்டெக்கின் ஆராய்ச்சித் தலைவரானார். 2003-ல் அதே கம்பெனிக்கு மார்க் டெஸியே-லவீன் போனார். எம்ஐடியிலிருந்து மோர்கன் ஷெங் 2008-ல் போனார். ஸ்டான்ஃபோர்டின் ரிகார்டோ டோல்மெட்ஷ் 2013-ல் நோவார்ட்டிஸின் நரம்பியல் ஆராய்ச்சித் தலைவரானார்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு "நானும் முதலில் பேராசிரியர் ஆகிறேன், அப்புறம் பார்க்கலாம்" என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டாவது வாசல் ஒரு துறையையே திருப்பிப்போட்ட சிலருக்குத்தான் திறக்கும். பேராசிரியர் பதவியே உங்கள் ஆசை என்றால் அதற்காகக் காத்திருங்கள், தப்பில்லை. தலைமைப் பதவிக்கு ஏணியாக மட்டும் அதை நினைத்து ஆறேழு வருடம் போஸ்ட்டாக்கில் உட்கார்ந்திருப்பது நஷ்டக் கணக்கு. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் தரும் பயிற்சி ஊதியம் 2024-ல் புதிய போஸ்ட்டாக்குக்கு வருடத்துக்கு 61,008 டாலர். பாஸ்டனில் வீட்டு வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

மூன்றாவதாக ஒரு பக்கவாசலும் இருக்கிறது. பேராசிரியராகவே இருந்துகொண்டு, உங்கள் கண்டுபிடிப்பின் மேல் ஒரு கம்பெனியைத் தொடங்கி, அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவில் மட்டும் உட்காருவது. பல பல்கலைக்கழகங்கள் வாரத்துக்கு ஒரு நாள் அளவுக்கு வெளிவேலையை அனுமதிக்கும். கௌரவமான ஏற்பாடு. ஆனால் கம்பெனியை நடத்துவது வேறொருவராக இருப்பார். முடிவும் அவருடையதாக இருக்கும்.

மருந்து எப்படி உருவாகிறது என்று கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். நேர்காணலில் மாட்டிக்கொள்பவர்களும் இவர்கள்தான். ஒரு அயன் சேனல் எப்படித் திறந்து மூடுகிறது என்பதை ஒரு மணி நேரம் விளக்குவார்கள். அந்தச் சேனலை அடைக்கும் மூலக்கூறு மாத்திரையாக விழுங்கினால் மூளைக்குப் போய்ச் சேருமா என்று கேட்டால் முழிப்பார்கள்.

நரம்பியல் மருந்துகளில் நான்கு கேள்விகளை மனதில் ஏற்றிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

முதல் கேள்வி: இந்த இலக்கு மனிதரின் நோயோடு உண்மையிலேயே தொடர்புடையதா? எலியில் பார்த்தது போதாது. அல்சைமர் எலிகளைக் குணமாக்கிய மருந்துகளுக்குக் கணக்கே இல்லை. மனிதரில் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஏஎல்எஸ் நோயில் எஸ்ஓடி1, பார்க்கின்சனில் எல்ஆர்ஆர்கே2 போன்ற மரபணுக்களைக் கம்பெனிகள் துரத்துவதற்குக் காரணம், அவற்றில் மாற்றம் உள்ள மனிதர்களுக்கு நோய் வருகிறது என்ற ஆதாரம் கையில் இருப்பதுதான்.

இரண்டாவது: மருந்து மூளைக்குள் போகிறதா? இரத்த-மூளைத் தடை பெரும்பாலான மூலக்கூறுகளை வாசலிலேயே நிறுத்திவிடும். இரத்தத்தில் செலுத்தும் ஆன்டிபாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மூளையை எட்டும் என்பது பொதுக் கணக்கு. டெனாலி கம்பெனியின் அடிப்படை யோசனையே இங்கிருந்து பிறந்தது. மூளை இரத்தக்குழாய்ச் சுவரில் இரும்பை உள்ளே கடத்த டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகள் இருக்கின்றன. மருந்தை அவற்றைப் பிடித்துக்கொள்ளும்படி வடிவமைத்தால் கூடவே உள்ளே போய்விடும். சின்ன மூலக்கூறு என்றால், புரதங்களில் ஒட்டாமல் தனித்திருக்கும் மருந்தின் அளவு மூளையில் எவ்வளவு, இரத்தத்தில் எவ்வளவு என்ற விகிதத்தைக் கேட்பார்கள். மூளையை அரைத்து மொத்த அளவை மட்டும் சொன்னால் மருந்தியல் ஆட்கள் சிரிப்பார்கள். மூளைக் கொழுப்பில் சும்மா ஒட்டிக்கிடப்பதும் அந்தக் கணக்கில் வந்துவிடும்.

மூன்றாவது: போன மருந்து இலக்கைத் தொட்டதா? உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையை அறுத்துப் பார்க்க முடியாது. அதனால் கதிரியக்கக் குறியை வைத்து மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் மூலம், ஏற்பிகளில் எத்தனை சதவீதத்தை மருந்து பிடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். இதைப் பார்க்காமல் நடத்திய டிரையல் (மனிதரில் மருந்துச் சோதனை) தோற்றால், மருந்து தோற்றதா, டோஸ் போதவில்லையா என்றே தெரியாமல் போய்விடும். காசும் போய், பாடமும் கிடைக்காத தோல்வி அது.

நான்காவது: தொட்டபின் உடம்பில் ஏதாவது மாறியதா? நரம்பிழைகள் சிதையும்போது நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் இரத்தத்தில் கசியும். எஸ்ஓடி1 வகை ஏஎல்எஸ்ஸுக்கான டோஃபெர்சென் மருந்து, அதன் முக்கிய டிரையலில் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆனாலும் அந்தப் புரதத்தின் அளவு இறங்கியதை வைத்து 2023 ஏப்ரலில் எஃப்டிஏ விரைவு அனுமதி கொடுத்தது. இந்த ஒரு வழக்கை ஆழமாகப் படித்தாலே பயோமார்க்கர் (நோயின் போக்கைக் காட்டும் உடல் அளவீடு) என்ற சொல்லின் கனம் தெரிந்துவிடும். எஃப்டிஏ ஆலோசனைக் குழுக் கூட்டங்களின் ஆவணங்கள் பொதுவில் கிடைக்கின்றன; பாடப்புத்தகத்தைவிட அவை நல்ல வாத்தியார்.

இவற்றோடு பாதையின் மைல்கற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். இலக்கை உறுதி செய்தல், மூலக்கூறு தேடல், அதைச் செதுக்குதல், மனிதரில் சோதிக்க ஒன்றை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தல், விலங்குகளில் முறைப்படியான நச்சுச் சோதனை, மனிதரில் சோதிக்க எஃப்டிஏவிடம் போடும் ஐஎன்டி விண்ணப்பம், அதன்பின் மூன்று கட்ட டிரையல். ஐஎன்டி போட்ட 30 நாளில் எஃப்டிஏ தடை சொல்லாவிட்டால் மனிதரில் தொடங்கலாம். 2011 முதல் 2020 வரையிலான டிரையல்களை வைத்து அமெரிக்க பயோடெக் தொழில் அமைப்பு போட்ட கணக்குப்படி, முதல் கட்டத்தில் நுழைந்த நரம்பியல் மருந்துகளில் அனுமதி வரை போனவை சுமார் 6 சதவீதம்.

கண்டுபிடிப்பை வெளியிடும் முன்

இது சின்னப் படி, ஆனால் தவறினால் திருத்த முடியாதது. கூட்டத்தில் போஸ்டர் ஒட்டினாலும் அது பொது வெளியீடுதான். அமெரிக்கச் சட்டம் சொந்த வெளியீட்டுக்குப்பின் காப்புரிமை கேட்க ஒரு வருடம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. மருந்தாகும் வாய்ப்புள்ள எதையும் முதலில் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள 1980-ன் பேய்-டோல் சட்டம் வழிசெய்தது. உங்கள் கண்டுபிடிப்பு பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தம், உங்களுக்கு ராயல்டியில் பங்கு. நாளை நீங்களே கம்பெனி தொடங்கினாலும் அவர்களிடம்தான் உரிமம் வாங்க வேண்டும்.

ஆட்களைப் பிடிப்பது

இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பலன் குறைவு. உங்கள் ஆய்வகத்திலிருந்து முன்பு கம்பெனிக்குப் போனவர்கள் யார் என்று பட்டியல் எடுங்கள். அவர்களிடம் வேலை கேட்காதீர்கள், இருபது நிமிடப் பேச்சு கேளுங்கள். "உங்கள் புராஜெக்ட்டில் கடைசியாக எதை நிறுத்தினீர்கள், ஏன்?" என்ற கேள்வி நன்றாக வேலை செய்யும். ரகசியம் இல்லாத அளவுக்குப் பதில் சொல்வார்கள், அதில் கிடைக்கும் பாடம் வேறெங்கும் கிடைக்காது. பேசி முடிக்கும்போது இன்னும் இரண்டு பேரின் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். நம்மவர்களில் பலருக்குத் தெரியாதவரிடம் போய்ப் பேசக் கூச்சம். பெரியவரைத் தொந்தரவு செய்வதாக நினைப்போம். அமெரிக்காவில் இது அன்றாடம் நடப்பது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் எப்போது சொல்வது என்பது சங்கடமான கேள்வி. பெரும்பாலோர் இப்போது இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். முகம் சுளிப்பார் என்று சந்தேகம் இருந்தால், முக்கியக் கட்டுரை அனுப்பியபின் சொல்லுங்கள். ஆனால் வேறொருவர் வாய்வழியாக அவருக்குத் தெரியவிடாதீர்கள்.

நேர்காணல்

ரெஸ்யூமே இரண்டு பக்கம். கட்டுரைப் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளி, கையில் என்ன வேலை தெரியும் என்பதை மேலே ஏற்றுங்கள்: பேட்ச் கிளாம்ப் (நரம்புச் செல்லின் மின்னோட்டத்தை அளப்பது), ஸ்டெம் செல்லிலிருந்து நியூரான் வளர்ப்பது, மூளைப் படமெடுப்பு, தரவுப் பகுப்பாய்வு, எதுவாக இருந்தாலும்.

கருத்தரங்க உரைதான் தீர்ப்பு சொல்லும் இடம். பல்கலைக்கழகத்தில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் நரம்பியல்காரர்கள். இங்கே ஒரு வேதியியலாளர், ஒரு நச்சியல் நிபுணர், ஒரு மருந்தியல்காரர், ஒருவேளை ஒரு டாக்டர். உங்கள் ஐந்தாவது ஸ்லைடில், மருந்து கொடுத்த எலிகள் தண்ணீர்த் தொட்டியில் மேடையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதாக ஒரு வரைபடம் வரும். மருந்தியல்காரர் கை தூக்குவார். "என்ன டோஸ்? அந்த நேரத்தில் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது? கொடுத்தது யாருக்கு என்று தெரியாத ஒருவர்தான் அளந்தாரா?" ஆய்வகத்தில் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அங்கே சமாளித்துப் பேசுபவர் அப்போதே தோற்றுவிடுகிறார். "இரத்த அளவு அளக்கவில்லை. இன்று செய்தால் மூன்று டோஸ் வைத்து, ஒவ்வொன்றிலும் இரத்தமும் மூளையும் எடுப்பேன். நடு டோஸில் விளைவும், அதற்கேற்ற அளவும் சேர்ந்து வராவிட்டால் இந்த மூலக்கூறை விட்டுவிடுவேன்" என்று சொல்பவருக்கு வேலை கிடைக்கும். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

ஆம்ஜென் கம்பெனியில் புற்றுநோய்த் துறையின் பெயர்பெற்ற 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே உறுதியாயின என்று 2012-ல் வெளியானது. அன்றிலிருந்து கம்பெனிக்காரர்கள் பெரிய பத்திரிகையின் பெயரைக் கேட்டு மயங்குவதில்லை.

விசா

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவர்களுக்கு இது ரெஸ்யூமேயைவிட முக்கியம். பல்கலைக்கழகம் எடுத்துத் தரும் எச்-1பி வேலை விசாவுக்கு வருடாந்தர உச்சவரம்பு கிடையாது. கம்பெனி எடுத்துத் தருவதற்கு உண்டு: மொத்தம் 85,000, குலுக்கல் முறை, விழுந்தால் அக்டோபரில்தான் தொடக்கம். பல்கலைக்கழக எச்-1பியில் ஐந்து வருடம் இருந்தவரும் கம்பெனிக்குப் போகும்போது பொதுவாகக் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். இது தெரியாமல் வேலைக்கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விழிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவிலேயே பிஎச்டி முடித்தவர்களுக்கு படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் ஓபிடி காலமும் அதன் மேல் 24 மாத நீட்டிப்பும் கிடைக்கும். அதைப் போஸ்ட்டாக்கில் முழுதாகக் கரைத்துவிடாமல் இருப்பது புத்திசாலித்தனம். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் இருப்பவர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி தங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அந்த விதி பொருந்தும் நாடுகளையும் துறைகளையும் சொல்லும் திறன் பட்டியலை 2024 டிசம்பரில் திருத்தியபோது அதில் இந்தியா இல்லை. ஆனால் அரசு நிதியில் போனவர்களை அந்த விதி இன்னும் கட்டும். வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களின் எச்-1பி மனு மேல் 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணையும் வந்தது. கட்டுரைகளும் மேற்கோள்களும் ஓரளவு சேர்ந்திருந்தால், கம்பெனியை நம்பாமல் நீங்களே மனுப்போடக்கூடிய இபி-1ஏ, என்ஐடபிள்யூ என்ற கிரீன் கார்டு பாதைகளைப் போஸ்ட்டாக் காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சம்பளமும் ஸ்டாக் ஆப்ஷனும்

சின்னக் கம்பெனி "40,000 ஆப்ஷன் தருகிறோம்" (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) என்று சொன்னால் சந்தோஷப்படும் முன், மொத்தப் பங்குகள் எத்தனை என்று கேளுங்கள். 4 கோடி என்றால் உங்களுடையது 0.1 சதவீதம். 40 கோடி என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. எண்ணிக்கையைச் சொல்லி, விகிதத்தைச் சொல்ல மறுக்கும் கம்பெனியைச் சந்தேகப்படலாம். வழக்கமாக நான்கு வருடத்தில் ஆப்ஷன் முழுதாகச் சேரும்; முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. அடுத்தடுத்து முதலீடு வரும்போது உங்கள் விகிதம் கரையும். கம்பெனி விற்கப்பட்டால் முதலீட்டாளர்களின் முன்னுரிமைப் பங்குக்குப் போனது போகத்தான் மிச்சம். ஆகையால் ஆப்ஷனை லாட்டரிச் சீட்டாக வைத்துக்கொண்டு, வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள்.

முதல் இரண்டு வருடம்: நிறுத்தக் கற்றுக்கொள்வது

உள்ளே போனதும் முதல் அதிர்ச்சி, யாரும் உங்கள் ஆள் இல்லை என்பது. ஆய்வகத்தில் மாணவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள். இங்கே வேதியியலும் நச்சியலும் தயாரிப்பும் டிரையலும் தனித்தனித் துறைகள், தனித்தனித் தலைவர்கள். இவர்களையெல்லாம் ஒரு மேசையில் உட்காரவைத்து, அதிகாரம் எதுவும் இல்லாமல் ஒரு மருந்தை நகர்த்துபவர் புராஜெக்ட் டீம் லீடர். தலைமைக்குப் போகும் நிஜமான ஏணி அதுதான். பத்துப் பேரைக் கீழே வைத்து மேனேஜர் ஆவதா, டீம் லீடர் ஆவதா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள். அங்கேதான் நச்சியல் நிபுணர் ஏன் கவலைப்படுகிறார், ஒரு கிலோ மருந்து தயாரிக்க ஏன் எட்டு மாதம் ஆகிறது என்பதெல்லாம் தெரியவரும்.

இரண்டாவது அதிர்ச்சி, சுவாரசியமான முடிவுகளுக்கு மதிப்பில்லை. எதிர்பாராத ஒரு விளைவு வந்தால் ஆய்வகத்தில் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓடலாம். இங்கே கேட்கும் கேள்வி, "இது நம் முடிவை மாற்றுமா?" மாற்றாது என்றால் அந்தச் சோதனைக்குப் பணம் இல்லை. முதலில் கசக்கும்.

ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். சோதனை தொடங்கும் முன், எந்த முடிவு வந்தால் தொடர்வோம், எது வந்தால் நிறுத்துவோம் என்று எண்ணோடு எழுதி, டீமில் எல்லாரிடமும் சம்மதம் வாங்குங்கள். "மூளையில் இந்த அளவுக்கு மேல் மருந்து, பெட்டில் 60 சதவீத ஏற்பிப் பிடிப்பு, இல்லையென்றால் நிறுத்தம்" என்ற மாதிரி. முடிவு 52 சதவீதம் என்று வரும்போதுதான் இந்தத் தாளின் அருமை தெரியும். தாள் இல்லாத டீமில் ஆளுக்கொரு விளக்கம் கிளம்பும்: ஸ்கேனர் சரியில்லை, நேரம் தள்ளி அளந்தோம், இன்னும் ஒரு டோஸ் பார்க்கலாம். மூன்று வருடம் அந்த மூலக்கூறோடு வாழ்ந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது தாளை மேசையில் வைத்து நிறுத்தச் சொல்பவராகவும், மறுநாள் அதே ஆட்களுக்கு அடுத்த வேலை என்ன என்று தயாராக வருபவராகவும் இருங்கள். மேலிடம் ஆட்களைக் குறித்துவைத்துக்கொள்வது இந்த மாதிரிக் கூட்டங்களில்தான். என் பார்வையில், ஒரு மருந்தை முன்னே தள்ளியவரைவிட, ஒன்றை ஒழுங்காக நிறுத்திய அனுபவமுள்ளவரைத் தலைமைக்கு நம்பலாம்.

நிறுத்தாதே என்று சொல்லும் தருணமும் வரும், அது இன்னும் கடினம். ஸனோமெலின் அப்படித்தான் மீண்டது. ஆனால் அதே ஏற்பிக் குடும்பத்தை வேறு வழியில் குறிவைத்த எம்ராக்லிடின் என்ற மருந்து, 2024 நவம்பரில் இரண்டாம் கட்ட டிரையல்களில் தோற்றது. அதை வைத்திருந்த செரெவெல் கம்பெனியை ஆப்வி 870 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அறிவாளிகள் நிறைந்த இரண்டு கம்பெனிகள், பக்கத்துப் பக்கத்து உயிரியல், எதிரெதிர் விளைவு.

மேல்மாடி

டைரக்டருக்கு மேலே போகப் போக அறிவியல் பேசும் நேரம் குறைந்து, பணம் பேசும் நேரம் கூடும். முதலீட்டாளர்கள் பணத்தை ஒரே தவணையில் தருவதில்லை. வேட்பாளர் மூலக்கூறு கிடைத்தால் இவ்வளவு, ஐஎன்டி போனால் இவ்வளவு என்று மைல்கல்லுக்கு மைல்கல் தருவார்கள். கையிலுள்ள பணம் எத்தனை மாதம் வரும், அதற்குள் எந்த முடிவு வரும் என்ற கணக்கு தலைமை அறிவியல் அதிகாரிக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பணம் தீரும் மாதத்துக்குப்பின் டிரையல் முடிவு வருகிற மாதிரித் திட்டம் போட்ட கம்பெனிக்கு அறிவியல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. நிதிப் பிரிவில் உள்ளவரோடு மாதம் ஒருமுறை காபி குடியுங்கள். எம்பிஏ படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அந்தக் காபியே போதும்.

அறிவியல் தலைமையா, சிஇஓவா என்பதையும் யோசித்து வையுங்கள். சிஇஓவின் வாரத்தில் பெரும்பகுதி போர்டு, முதலீட்டாளர்கள், ஆள் எடுப்பது, வக்கீல்கள் என்று போகும். பயோஜென்னின் நிறுவனர்களில் ஒருவரும் நோபல் பரிசு பெற்றவருமான வால்டர் கில்பர்ட் 1981-ல் அதன் சிஇஓ ஆகி, அதற்காக ஹார்வர்ட் பதவியையே விட்டு, 1984-ல் விலகி மறுபடி ஹார்வர்டுக்கே போனார். எல்லோருக்கும் எல்லாம் பிடிக்க வேண்டும் என்றில்லை.

பொறுப்பு கூடும்போது தரவின் நேர்மையும் உங்கள் தலையில்தான் விடியும். டெஸியே-லவீன் ஜெனென்டெக்கிலிருந்து ராக்கஃபெல்லருக்கும், பிறகு ஸ்டான்ஃபோர்டுக்கும் தலைவராகப் போனவர். அவர் பெயர் இருந்த சில கட்டுரைகளில் தரவு திரிக்கப்பட்டதாகக் கேள்வி எழுந்து, 2023-ல் விசாரணைக் குழு அறிக்கை வந்தது. அவர் தாமே திரித்ததாக ஆதாரம் இல்லை, ஆனால் அவர் மேற்பார்வையில் இருந்த மற்றவர்கள் செய்திருக்கிறார்கள், தவறுகள் தெரியவந்தபோது அவர் உறுதியாகத் திருத்தவில்லை என்றது அறிக்கை. ஸ்டான்ஃபோர்ட் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 100 கோடி டாலருக்கு மேல் முதலீட்டோடு 2024-ல் தொடங்கிய ஸைரா தெரப்யூட்டிக்ஸின் சிஇஓவாக இப்போது தொழிலுக்குத் திரும்பியிருக்கிறார். டீமில் இளையவர் கெட்ட செய்தியைக் கொண்டு வரும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்வாரா என்பது அதைப் பொறுத்தது.

கம்பெனி ஆட்டம் கண்டால்

ஆடும், அதற்குத் தயாராகவே போங்கள். 2019 டிசம்பரில் சேஜ் தெரப்யூட்டிக்ஸின் மனச்சோர்வு மருந்து ஒரு பெரிய டிரையலில் தோற்றதும் அதன் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. சில மாதங்களில் ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியே. அதே மருந்து, ஜுரானொலோன், 2023 ஆகஸ்டில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு அனுமதி பெற்றது. வெளியே போனவர்களில் பலர் அடுத்த தெருக் கம்பெனிகளில் சேர்ந்திருப்பார்கள்; பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜின் கெண்டல் சதுக்கமும் தென் சான் பிரான்சிஸ்கோவும் அப்படிப்பட்ட இடங்கள். அதனால்தான் முதல் வேலையைக் கம்பெனிகள் அடர்ந்த ஊரில் எடுக்கச் சொல்வது. பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழி முழுதாக அடைபடுவதில்லை. மோர்கன் ஷெங் பத்து வருடத்துக்கு மேல் ஜெனென்டெக்கில் இருந்துவிட்டு 2019-ல் பிராட் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். ஆனால் கட்டுரைகள் இல்லாத இடைவெளி நீண்டால், பெயர் பெறாதவர்களுக்கு அந்த வழி ஒடுங்கிவிடும்.

லேஆஃப் (ஆட்குறைப்பு) என்று வந்தால் இரண்டு கடிகாரங்கள் ஓடத் தொடங்கும். எச்-1பியில் இருப்பவர்களுக்கு வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். சேர்ந்த ஆப்ஷனைப் பணம் கட்டிப் பங்காக்கிக்கொள்ளப் பொதுவாக 90 நாள். இரண்டாவதைப் பேரம் பேசி நீட்டிக்கலாம்; கேட்க வேண்டிய நேரம் வேலைக்கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்னால்.